சித்தப்பா பட்டி பார்த்த பசு

கார் பட்டறையில் பெயின்ட் அடிப்பவர் என் சித்தப்பா. முப்பது வருடமாக அவருக்கு ஒரே வேதம்: அடிபட்ட இடம் எதுவென்று வண்டிக்காரனுக்கே தெரியக்கூடாது. அந்த வித்தை அவர் நெஞ்சை அரித்துவிட்டது. இனி ஸ்ப்ரே பிடித்தால் நுரையீரல் மிஞ்சாது என்றார் டாக்டர். பிடிக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று அவர் சொல்லவில்லை.

வீட்டு அலமாரியில் ஒரு பீங்கான் பசு நின்றது. உள்ளங்கை அகலம், வெள்ளை உடம்பில் நீலப் பூக்கள், ஒரு காது மூளி, முதுகெல்லாம் மயிரிழை விரிசல். வாடிக்கைக்கார டீச்சரம்மா ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது கொடுத்தது. ஒருநாள் சித்தப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அதன் அடியில் இருந்த முத்திரையைப் படமெடுத்துத் தேடினேன். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாங்கிய பட்டத்துக்கு அன்றுதான் வேலை வந்தது. டச்சு நாட்டுச் சரக்கு, இருநூறு வருடத்துக்கும் மேல் பழசு! பழம்பொருள் கடைக்காரருக்குப் படங்களை அனுப்பினேன். புதன்கிழமை கொண்டுவரச் சொன்னார்.

"வித்த காசுல சாவி போடற கடை வச்சிரலாம். உக்காந்த எடத்துல வேலை, மூச்சு வாங்காது" என்றாள் சித்தி.

"மாடு பால் குடுக்கும்னு தெரியும். கடையும் குடுக்குமா?" என்று சித்தப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரமானது.

புதன்கிழமை சித்தப்பா துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததைக் கடைக்காரர் பிரித்தார். புதுக் கார் மாதிரி மின்னியது பசு. இரண்டு காது. ஒரு விரிசல் இல்லை.

"படத்துல இருந்த மாடு எங்கங்க?"

"இதேதான் சார்! மூளியா எப்படிக் கொண்டாறது? பட்டி பார்த்து விரிசலை அடைச்சு, மேல லாக்கர் பெயின்ட் அடிச்சிருக்கேன். எந்தக் காது ஒட்டுனதுன்னு சொல்லுங்க பாப்போம்!"

கடைக்காரர் அடியைத் திருப்பினார். "இங்க ஒரு முத்திரை இருந்துச்சே?"

"யாரோ கிறுக்கி வச்சிருந்தாங்க. வாட்டர் பேப்பர் போட்டுத் தேச்சு எடுத்துட்டேன்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கிறுக்கலுக்குத்தாங்க விலை. இனி இதைப் பழசுன்னு யார்கிட்டயும் என்னால சொல்ல முடியாது."

"பெயின்டை உரிச்சிட்டா?" என்றேன்.

"தேச்சது திரும்பி வருங்களா?"

பழம்பொருளைச் சுத்தம் செய்யாதே, கழுவக்கூடச் செய்யாதே என்று நான் நாலு இடத்தில் படித்திருந்தேன். இது யாருக்குத் தெரியாது என்று சித்தப்பாவிடம் சொல்லாமல் விட்டேன்.

பஸ்ஸில் வெகுதூரம் வந்தபிறகு சித்தப்பா கேட்டார்: "கடைசிவரைக்கும் அந்தக் காதைக் கண்டுபிடிக்கல இல்ல அவரு?"

"இல்ல சித்தப்பா."

"ம்."

வீட்டில் சித்தி துண்டு மூட்டையைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். சித்தப்பாவை விட்டுவிட்டு என்னிடம்தான் திரும்பினாள்.

"நீ படிச்சவன்டா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மறுநாள் காலை சித்தப்பா வாயில் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார். கதவு நசுங்கிய வண்டி ஒன்று காத்திருந்தது. சாயங்காலத்துக்குள், அது நசுங்கியதே யாருக்கும் தெரியாது.