சுவரில் ஒன்பது திட்டுகள்

கப்பல் ஆபீஸ் ஒன்றில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த காலம். ஜார்ஜ் டவுனில், குயின் ஸ்திரீட்டில், ஒரு துணிக்கடைக்கு மேலே குடியிருந்தோம். பதினேழு படி ஏறினால் எங்கள் அறை. தெருப்பக்கம் இரண்டு ஜன்னல். நான்கு சுவரும் வெள்ளைச் சுண்ணாம்பு. அங்கேதான் என் மனைவி பாய் விரித்து, முன்னால் கைமிஷினை வைத்துக்கொண்டு, கடைக்காரர்களுக்கு வெள்ளைச் சட்டை தைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவள், ஊசியில் நூல் கோக்கப் பதினொரு முறை முயன்றாள். நான் எண்ணினேன்.

"வெள்ளைத் துணி, வெள்ளை நூலு, எதிர்ல வெள்ளைச் சுவரு. கண்ணு கூசுதுங்க. பின்வீட்டு அக்கா மிஷினை விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. மாசக் கடைசியில குடுத்துடறேன்" என்றாள்.

அது அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த மிஷின். தைக்காத நாட்களில் அவள் ஜன்னலோரம் பேசாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசிக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. குற்றம் கண்ணில் இல்லை, சுவரில்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

மறுநாளே வெள்ளையடிக்கும் பெரியவரை அழைத்து வந்தேன். ஒரு சிரட்டைச் சுண்ணாம்புக்கு அரைக் கரண்டி நீலம், ஒரு கரண்டி, ஒன்றரை, அப்படியே மஞ்சள் காவி, பிறகு இரண்டும் கலந்து மூன்று பச்சை. ஆக, சுவரில் மாதிரிக்கு ஒன்பது திட்டுகள்.

"ஒம்பதா? கவர்னர் பங்களாவுக்கே மூணு கலர் போதும்லா, கிராணியாரே" என்று சிரித்தார் அவர்.

"நீங்க அடிங்க அண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

சுண்ணாம்பு ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். அதனால் மூன்று நாள் காத்திருந்தேன். ஒவ்வொரு திட்டின் கீழும் பென்சிலால் எண் எழுதி, காலை, பகல், மாலை மூன்று வேளையும் பார்த்துக் குறித்தேன். பகலில் பார்க்க ஆபீசிலிருந்து நடந்தே வந்தேன். முதல் இரண்டு எண்களையும், நிறமே இல்லை என்று பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மூன்றாம் எண், ஒன்றரைக் கரண்டி நீலம், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை.

"மூணுதான்" என்று மனைவியிடம் அறிவித்தேன்.

அவள் பாயிலிருந்தபடியே அண்ணாந்து பார்த்தாள். "எல்லாத்தையும் உங்க மூஞ்சி உயரத்துக்குப் போட்டிருக்கீங்க. நான் என்ன நின்னுக்கிட்டா தைக்கிறேன்?"

ஆபீசில் உயர்ந்த மேசை முன் நின்றபடி எழுதுகிறவன் நான். அவள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். ஜன்னலின் அடிக்கட்டை எங்கள் தலைக்கு மேலே இருந்தது. அதற்குக் கீழே சுவரெல்லாம் நிழல். நான் கொண்டாடிய நீலம் இங்கே இறங்கினால் கரிச்சட்டி நிறம்தான்.

பெரியவரை மறுபடி அழைத்தேன். அதே ஒன்பதையும் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அடிக்கச் சொன்னேன். "நல்லவேளை, உங்க வீட்டுல யாரும் படுத்துக்கிட்டுத் தைக்கல" என்றார்.

இன்னும் மூன்று நாள் காய்ந்தது. இந்த முறை நான் எதையும் குறிக்கவில்லை. அவள் ஒவ்வொரு திட்டுக்கும் எதிரே நகர்ந்து உட்கார்ந்து, ஊசியைத் தூக்கிப் பிடித்து நூல் கோத்தாள். முதல் திட்டில் ஐந்து முறை. மூன்றாவதில் ஏழு. காவியிலும் பச்சையிலும் நான்குக்குக் குறையவில்லை. இரண்டாவதில் மட்டும் முதல் தடவையே நூல் உள்ளே போனது. நூலை உருவிவிட்டு மறுபடி கோத்தாள். அப்போதும் ஒரே தடவை.

"இதுதாங்க."

"அதை நான் அடிச்சுட்டேனே" என்றேன்.

"அடிச்சா என்ன? எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு, கோத்த ஊசியைச் சட்டைத் துணியில் குத்திவைத்துவிட்டு மிஷினிடம் நகர்ந்தாள். கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியவள், திரும்பாமலே சொன்னாள்: "அப்படியே பின்வீட்டு அக்காக்கிட்ட, மிஷின் குடுக்கறதுக்கு இல்லைன்னு சொல்லிட்டு வந்துடுங்க."

பதினேழு படியும் இறங்கிப் போய்ச் சொன்னேன்.