தவிடன் என்ற பெயர் பிறந்த வாசல்

காலை ஏழு மணிக்குத் திருச்சியில் ரயில் ஏறினேன். கல்லலில் இறங்கும்போது வெயில் உறைக்கத் தொடங்கியிருந்தது. என் கணவர் பிறந்த பக்கம் இது. இருந்தவரை ஒரு நாளும் கூட்டி வந்ததில்லை, போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் பெயர் தவிடன். ரேஷன் கடையில் இரண்டு தடவை கேட்டுத்தான் எழுதுவார்கள். எங்கள் மகள் மீனா பள்ளியில் பட்ட கிண்டலுக்கு அளவே இல்லை. அந்த மீனாவுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் மாதம் திரும்பும் முன்னே தவறிவிட்டன. இப்போது மறுபடி எட்டாம் மாதம். "அப்பாவுக்கு முன்னாடி பிறந்ததுகளும் தங்கலையாமே? அந்தப் பேர்ல ஏதோ இருக்கும்மா, விசாரிச்சிட்டு வா" என்று ஒரே பிடிவாதம். செல்போனைத் துழாவி, அது ஏதோ பழைய படைத்தலைவனின் பட்டம் என்று வேறு கண்டுபிடித்திருந்தாள். படைத்தலைவனுக்குத் தவிடு என்னத்துக்கு?

எனக்குத் தெரிந்த துப்பு ஒன்றுதான். என் மாமியார் இந்த ஊரைப் பற்றி வாய் திறந்தால் ஹாஜரா வீடு என்பார். ஸ்டேஷனிலிருந்து ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். "பள்ளிவாசலுக்குப் பின்னாடி. கதவு தொறந்துதான் கெடக்கும், போங்க" என்று இறக்கிவிட்டார் ஓட்டுநர்.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஹாஜரா அம்மாள் நிமிர்ந்தார். எழுபது வயதிருக்கும். "எங்கிட்டு இருந்து வாரீக?"

"திருச்சி. தவிடன் சம்சாரம்."

"அடி ஆத்தா, உள்ள வா. தம்பி வரலையா?"

சொன்னேன். கீரையை அப்படியே போட்டுவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நான் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க அம்மா தவிடு குடுத்து வாங்குன புள்ளைதேன் அவன். மூணு புள்ளை செத்துப்போச்சு உன் மாமியாருக்கு. நாலாவதை இந்த வாசல்ல கொண்டாந்து, எனக்கு வேணாம்னு நீட்டுனாக. ஒரு மொறம் தவிட்டைக் குடுத்து எங்க அம்மா வாங்கிக்கிருச்சு. தவிட்டுக்கு வித்த புள்ளையச் சாவும் சீந்தாதுல்ல, அதேன் தவிடன். பால் குடுத்து வளத்ததெல்லாம் பெத்தவகதேன். ஆனா எங்க அம்மாவைத்தேன் அவன் அம்மாங்கணும். பெத்தவக வெறும் அக்கா. அம்மான்னு கூப்புட்டா மவுத்து காதுல விழுந்து, சாவு இவனையும் தேடி வந்துரும்ல?"

என் கணவர் பெற்ற தாயை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் நான் சிரித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் என் மாமியாரின் கடைசி நாள், அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்து, "ஒரு தடவை கூப்பிடுப்பா" என்றார். "என்னக்கா?" என்றார் இவர். மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தண்ணீருக்குத்தான் யாரையோ கூப்பிடச் சொல்கிறார் என்றல்லவா நான் டம்ளரோடு ஓடினேன்!

"எத்தனை காலத்துப் பழக்கம் இது?" என்று கேட்டேன்.

"எங்க அம்மாவுக்கு அதோட அம்மா சொன்னது. அதுக்கு முந்தி யாரு கண்டா? புள்ளை சாகாத காலம்னு ஒண்ணு இருந்துச்சா?"

சாப்பிடாமல் விடவில்லை. மாலை ரயிலுக்குக் காத்திருந்தபோது மீனா அழைத்தாள். எல்லாம் சொன்னேன். அக்கா விஷயத்தில் மட்டும் நாக்கு தயங்கியது.

"பேரை மட்டும் வச்சாப் போதுமாம்மா?"

மறைக்க முடியவில்லை, அதையும் சொல்லிவிட்டேன்.

"தவிட்டை நீயே குடுத்து வாங்கிக்கம்மா" என்றாள். "உன்னை அம்மான்னு கூப்பிடட்டும். நான் பக்கத்துல இருந்து கேட்டுக்கிறேன்."