டார்ச்சுக்கு விளக்கெண்ணெய்

காவல் நிலையத்தில் புயல் எச்சரிக்கைச் சிவப்புக் கொடி ஏறிவிட்டால் நான் முதலில் கை வைப்பது ஜன்னல் கதவில் அல்ல, டார்ச்சில்தான். பின்மூடியைக் கழற்றுவேன், ரப்பர் வளையத்தை எடுத்துத் துடைப்பேன், பிறகு விளக்கெண்ணெய் பாட்டிலைக் கேட்பேன். அந்த பாட்டிலைக் கண்டாலே உங்களுக்கு ஓட்டம். "அப்பா டார்ச்சுக்கும் பேதிக்குக் கொடுக்கிறார்" என்று நீங்கள் பின்னால் சிரிப்பது என் காதில் விழத்தான் செய்கிறது. இந்தக் கேலியை முதலில் செய்தவர் உங்கள் மாமா. அவர் ஏன் பிறகு அதை நிறுத்திவிட்டார் என்பதைத்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது கோயில் பள்ளியில் படித்த தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அப்போது பிளேன் மாக்னியன் ஊருக்கு மேலே ஒரு கரும்புத் தோட்டத்தில் இருந்தோம். ஆலைக்குப் போகும் வாய்க்கால் ஒரு மேட்டின் அடியில் கல் சுரங்கமாக நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். சுரங்கத்தின் வாயில் ஓர் இரும்புக் கதவு, அதைத் தூக்க ஒரு சக்கரம். பெருமழை வருகிறது என்றால் கதவை அடைத்துவிட்டு, உள்ளே அடைந்து கிடக்கும் கரும்புச் சோகையை, அதாவது காய்ந்த தோகையை, ஒரு ஆள் வாரித் தள்ளிக்கொண்டே போய் மறுபக்கம் ஏற வேண்டும். அதன் பிறகுதான் கதவைத் திறப்பார்கள். சக்கரம் என் பொறுப்பு. சுரங்கத்துக்குள் போவது உங்கள் மாமா.

சுரங்கம் நடுவில் வளையும். ஆள் வளைவைத் தாண்டினாலும் அவன் டார்ச் வெளிச்சம் ஈரச் சுவரில் ஆடிக்கொண்டிருக்கும். கதவுக்கு உள்பக்கம் சுரங்கத்துக்குள் இறங்கும் படியில் நான் இறங்கிக் குனிந்து பார்ப்பேன். சுவரில் வெளிச்சம் தெரிந்தால் ஆள் உள்ளே. இருட்டாகிவிட்டால் ஆள் மறுபக்கம் ஏறிவிட்டான். தோட்டத்தில் மேலே நிற்கும் எல்லோருக்கும் அதுதான் கணக்கு. அதைத் தப்பென்று யாரும் நினைத்ததில்லை, நானும்தான்.

உள்ளே கூரையிலிருந்து எப்போதும் தண்ணீர் சொட்டும். அதற்காகவே உங்கள் மாமா ரப்பர் வளையம் வைத்த நல்ல டார்ச் ஒன்று வாங்கினார். தண்ணீர் புகக்கூடாது என்று கண்ணாடிப் பக்கமும் பின்மூடி இழையிலும் வண்டி அச்சுக்குப் போடும் கறுப்பு கிரீஸை அப்பினார். நான் சில காலம் லாரி ஷெட்டில் வேலை செய்தவன். பிரேக்கின் ரப்பர் பக்கம் மெக்கானிக் பெட்ரோலையோ எஞ்சின் எண்ணெயையோ அண்டவிட மாட்டார். பட்டால் ரப்பர் ஊதிப்போகும் என்பார். அவசரத்துக்கு விளக்கெண்ணெய்தான் தொடுவார். அதை மனதில் வைத்து என் டார்ச்சுக்கு விளக்கெண்ணெய் போட்டேன்.

"என்ன மச்சான், டார்ச்சுக்கு வயித்துக் கோளாறா?" என்றார் உங்கள் மாமா.

"ரப்பருக்கு அந்த கிரீஸ் ஆகாது மச்சான். ஊதிடும்."

"ஆலையே கிரீஸ்லதான் ஓடுது. இந்தச் சின்ன வளையத்துக்கு மட்டும் தனி வைத்தியமா?"

பெண் எடுத்த வீட்டு ஆளிடம் எவ்வளவுதான் வாதாடுவது?

அந்த வருஷப் புயலுக்குக் கொடி ஏறிய நாள். காலையிலேயே காற்று கரும்பை ஒரே பக்கமாகப் படுக்க வைத்தது. பறவை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வானம் செம்பு நிறத்தில் இருந்தது. என் டார்ச்சை வீட்டில் உங்கள் அம்மாவிடம் விட்டு வந்திருந்தேன். உங்கள் மாமாவின் டார்ச் மங்கலாக, மஞ்சளாக எரிந்தது. பேட்டரி மாற்றலாம் என்று பின்மூடியைத் திருகினோம். அசையவில்லை. கிரீஸோடு மணலும் சேர்ந்து இழையில் இறுகியிருந்தது. விளிம்பில் ரப்பர் பிதுங்கி, ரத்தம் குடித்த அட்டை மாதிரி வீங்கித் தெரிந்தது. கண்ணாடிப் பக்கத்து வளையமோ தளர்ந்து தொளதொளவென்று இருந்தது.

"இப்படியே போகாதே மச்சான்."

"ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம். வந்துடுவேன்" என்று குனிந்து உள்ளே போய்விட்டார்.

மழை திடீரென்று பிடித்தது. கதவுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கரை உடைந்தால் கீழே பள்ளத்தில் இருக்கும் எங்கள் குடியிருப்புக்குள் பாயும். வேலையாட்களுக்கு மேலாளான சர்தார் நனைந்துகொண்டே ஓடிவந்தார். அவர் வீடும் அங்கேதான்.

அவர் படியில் இறங்கிப் பார்த்தார். சுவர் இருட்டாக இருந்தது.

"ஆள் ஏறிட்டான். ஊவேர்!" என்று கத்தினார். இந்தத் தீவின் கிரியோல் பேச்சில் 'திற' என்று அர்த்தம்.

என் கை சக்கரத்தின் மேல் இருந்தது. சுற்றியிருப்பேன். அந்த வீங்கிய ரப்பர்தான் கண் முன்னால் வந்து நின்றது.

"இல்லைங்க. டார்ச் செத்திருக்கும். ஆள் உள்ளேதான் இருக்கான்."

"நீ பார்த்தியா?"

"பார்க்கலை. காலையில அந்த மூடி திறக்கவே இல்லை. தண்ணி புகுந்திருக்கும்."

"உன் சந்தேகத்துக்காக அத்தனை வீட்டையும் முழுக விடச் சொல்றியா?"

நான் இருட்டுக்குள் உங்கள் மாமா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மழை இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்க்க மேட்டைச் சுற்ற வேண்டும். அதற்கு நேரமில்லை.

சர்தார் கரையில் இருந்த வெள்ளைக் கல்லைக் காட்டினார். "போ. தண்ணி அந்தக் கல்லை மூடுற வரைக்கும் சக்கரத்தைத் தொட மாட்டேன். மூடிட்டா என்னை மன்னிச்சிடு." அவர் முகத்தைப் பார்த்தேன். வெறும் பேச்சில்லை, சொன்னபடி செய்வார் என்று தெரிந்தது.

வெளிச்சமில்லாமல் சுவரைத் தடவிக்கொண்டு போனேன். பின்னால் கதவின் இடுக்கில் தண்ணீர் சீறியது. வளைவில் என் கால் எதன் மேலோ இடித்தது. உங்கள் மாமா. சோகைக் குவியலில் சறுக்கி விழுந்து, எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாமல் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். டார்ச்சின் பின்மூடியைப் பல்லால் கடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கிரீஸ். பிடி வழுக்கியது.

"வெளிச்சம் போயிட்டா தேடி வருவீங்கன்னுதான் இங்கேயே இருந்தேன் மச்சான்" என்றார்.

நான் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினேன். வெளியே அதே இருட்டைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்பதை அந்த இடத்தில் வைத்து எப்படிச் சொல்வது?

அவரை இழுத்துக்கொண்டு படி ஏறியபோது கதவின் மேல் விளிம்பு தாண்டித் தண்ணீர் எங்கள் முதுகில் கொட்டியது. சர்தாரின் இரண்டு கையும் சக்கரத்தில். வெள்ளைக் கல்லைக் காணோம். அது எப்போது மறைந்தது என்று நான் கேட்கவில்லை. நாங்கள் மேலே வந்த பிறகே அவர் சக்கரத்தைச் சுற்றினார்.

புயல் ஓய்ந்ததும் டார்ச்சை இடுக்கியில் வைத்துத் திறந்தோம். பேட்டரி ஊறிப் பச்சை பூத்திருந்தது. வளையம் கையோடு பிய்ந்து வந்தது. ஆகவே பிள்ளைகளே, ரப்பருக்கு கிரீஸும் வேண்டாம், வாசலினும் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். முதலில் இழையில் உள்ள மணலைத் துணியால் துடையுங்கள். விளக்கெண்ணெயை விரலில் தொட்டு வளையம் மினுங்கும் அளவு மட்டும் தடவுங்கள். ஸ்பிரிங்கில் பட விடாதீர்கள். மூடி இரண்டு விரலால் திருகினாலே திரும்ப வேண்டும்.

அதன் பிறகு தோட்டத்தில் ஒரு புது வழக்கம் வந்தது. உள்ளே போகிறவன் தன் தொப்பியைச் சக்கரத்தில் மாட்டிவிட்டுப் போவான். அவனே வந்து எடுக்கும்வரை யாரும் சக்கரத்தைத் தொடக்கூடாது. உங்கள் மாமா மறுபடி சுரங்கத்துக்குள் போகவில்லை. போ பசான் என்ற ஊரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நாமும் ரோஸ் ஹில்லுக்கு வந்துவிட்டோம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். வாய்க்காலைக் கைவிட்டிருந்தார்கள். துருப்பிடித்த சக்கரத்தில் ஒரு பழைய வைக்கோல் தொப்பி தொங்கியது. மழை தூறத் தொடங்கியிருந்தது. "ரொம்ப நாளா அங்கேதான் கிடக்குது, யாரும் எடுக்கலை" என்றான் வழியில் போன ஒருவன். நான் படியில் இறங்கி, டார்ச்சை எடுத்து, வளைவுச் சுவரில் ஈரம் மின்னும்வரை வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். கூப்பிட்டும் பார்த்தேன். பிறகுதான் மேலே ஏறினேன். தொப்பியை எடுக்க எனக்குக் கை வரவில்லை.