முகத்தைக் காட்டுவீங்களா?

எழுபதுகளின் கடைசியில் நாகலாபுரம் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றுக்கு என்னைக் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நர்ஸாகப் போட்டார்கள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சத்து மாத்திரை, தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம் என்று பயிற்சியில் படித்ததை ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். ஒப்பித்துக்கொண்டே குனிந்து பதிவேட்டை நிரப்புவேன். பெண்கள் நன்றாகத் தலையாட்டுவார்கள். பிரசவத்துக்கு மட்டும் ஒருத்தியும் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள்.

ஒரு அக்காவை நினைத்துத்தான் எனக்குப் பெரிய கவலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இரண்டு பிள்ளைகளைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர். இப்போது மீண்டும் ஏழு மாதம், காலில் வீக்கம் வேறு. எத்தனையோ முறை போய்ச் சொல்லியும் அசையவில்லை. ஒருநாள் அவருடைய பருத்திக்காட்டில் நின்று வழக்கம்போல் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பருத்தி எடுப்பதை நிறுத்தினார்.

"நர்ஸம்மா, நீங்க எங்கிட்ட பேச வரல. அந்த நோட்டுகிட்டதான் பேசுதீங்க."

சுரீரென்றது. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று கோபத்தோடு கிளம்பிவிட்டேன். பாதி வழியில் அந்த அக்காவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். எவ்வளவு முயன்றும் வரவில்லை. அவருடைய ரத்த அழுத்தம் மட்டும் நினைவிருந்தது. அப்போதுதான் கோபம் போய் வெட்கம் வந்தது.

மறுநாள் வெறுங்கையோடு போனேன். அவரோடு சேர்ந்து பருத்தி எடுக்க ஆரம்பித்தேன்.

"அக்கா, நேத்து நீங்க சொன்னது சரிதான். போன பிரசவத்துல என்ன நடந்துச்சு? சொல்லணும்னு தோணுனா சொல்லுங்க."

அவர் பருத்தி எடுத்துக்கொண்டே இருந்தார். நடுவில் எதையாவது சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன். ஒரு நிரைச் செடிகள் முடிந்து அடுத்த நிரைக்குத் திரும்பியபோது அவராகவே தொடங்கினார்.

"ரெண்டாவது பிள்ள ஆஸ்பத்திரியிலதான் பொறந்துச்சு. வேற ஊர்ல. எங்க அத்தைய வெளிய நிக்கச் சொல்லிட்டாவ. பிள்ள அழல. துணியில சுத்தி எங்க வீட்டு ஆள்ட்ட குடுத்துட்டாவ. எம்புட்டோ கெஞ்சினேன், மொகத்தக்கூட காட்டல. அது யாரு சாடைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

ஊசிக்குப் பயம், செலவுக்குப் பயம், தூரத்துக்குப் பயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவற்றை எல்லாம் விட்டுவிட்டேன்.

"அதுக்கு என்ன பேரு வைக்கணும்னு நெனச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

பேரைச் சொன்னார். யாரிடமும் அதைச் சொன்னதே இல்லையாம். அழுதார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், பிறகு வெகுநேரம் பேசினார். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்தார்.

"இந்தத் தடவ வந்தா, என்ன ஆனாலும் மொகத்தக் காட்டுவீங்களா? அத்தையும் கூட இருக்கணும்."

"காட்டுவேன்க்கா. நானும் பக்கத்துலயே நிப்பேன்."

அடுத்த நாளே கோவில்பட்டிக்குப் போய் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "மாமியார் கையக் கழுவிட்டு உள்ள வரட்டும்" என்றார்.

வலி கண்ட அன்று காலை பஸ் போய்விட்டது. பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போன லாரியை மறித்தோம். அக்காவும் நானும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். மாமியார் யார் சொல்லியும் கேட்காமல் பொதிகளின் மேல் ஏறிக்கொண்டார்.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. ஒரு கணம் சத்தமே இல்லை. அக்காவின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. டாக்டரம்மா முதுகைத் தேய்த்துவிட்டார். அடுத்த கணம் வார்டே அதிரும்படி அழுதாள் பாருங்கள், அப்படி ஒரு குரல்! தொப்புள்கொடியை வெட்டிய கையோடு தூக்கிக் காட்டினேன். அக்கா கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"அப்படியே எங்க அத்தை சாடை! மூக்கப் பாருங்க!"

"ஏட்டி, எம் மூக்கு இதுக்கு எவ்வளவோ தேவலட்டி!" என்றார் மாமியார், அழுதுகொண்டே. டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த வாரம் ஊருக்குள் போனபோது, அதுவரை தலையாட்ட மட்டுமே செய்த ஒரு பெண் வாசலில் என்னை மறித்து, பாயை விரித்தாள்.

"இங்கன உக்காருங்க நர்ஸம்மா. எனக்கு ஒண்ணு கேக்கணும்."

அக்காவைத் தவிர அந்த ஊரில் ஒருவர் தானாக என்னிடம் கேள்வி கேட்க முன்வந்தது அதுதான் முதல்முறை. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.