கடைசி இடம் பிடித்த பஞ்சாயத்து

தொம்மலூரில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ஆய்வு அலுவலகம். கிராமங்களுக்கு அரசு கொடுக்கும் பணம் எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்று அளப்பதுதான் வேலை. ஒரு பஞ்சாயத்து வாங்கிய நிதியை ஒரு பக்கமும், அதைக் கொண்டு புதிதாகப் போட்ட சாலை, கட்டிய தொட்டி, கழிப்பறை, கொடுத்த குழாய் இணைப்புகளை மறுபக்கமும் வைத்தால் கணினி ஒரு மதிப்பெண் தரும். மதிப்பெண் குறைந்தால் அந்த ஊர் பணத்தை வீணடிக்கிறது என்று அர்த்தம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ஒரு முறை கோலார் பக்கத்துப் பஞ்சாயத்து ஒன்று பட்டியலில் கடைசியாக வந்தது. மாவட்ட அலுவலகத்துக்கு அறிக்கையை அனுப்பும் முன் யாராவது நேரில் பார்த்துவிட்டு வரட்டும் என்றார் இயக்குநர். நான் தங்கவயலில் பிறந்தவள், தமிழும் கன்னடமும் தடையில்லாமல் வரும் என்பதால் என்னையே அனுப்பினார். காலை ரயிலைப் பிடித்தேன். உண்மையைச் சொன்னால், குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன்.

பஞ்சாயத்துத் தலைவி அலுவலகத்தில் இல்லை. தெருவில் வெட்டியிருந்த ஒரு பள்ளத்தின் ஓரம், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். பள்ளத்துக்குள் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஊழியர் உடைந்த பைப்பை மாற்றிக்கொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“கடைசியா?” என்றார் தலைவி. “செலவு பண்ணது நெஜம்தாம்மா. மோட்டார சரி பண்ணோம், பைப் மாத்தினோம், வால்வு மாத்தினோம். இதெல்லாம் உங்க லிஸ்ட்ல எங்க வருது?”

“வராதுங்க. புதுசா கட்டினது மட்டும்தான் வரும்.”

“அப்ப இருக்கறத ஒடைய வுட்டுட்டு புதுசா ஒரு டேங்க் கட்டியிருந்தா பாஸ் ஆயிருப்பமா?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கேள்வியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

தெருத்தெருவாகப் போய் விசாரித்தேன். குழாயில் தண்ணீர் வராத நாளே அபூர்வம் என்றார்கள். பைப் உடைந்தாலும் மறுநாளே வந்துவிடுமாம். திரும்பும் வழியில், பட்டியலில் முதலிடத்தில் இருந்த பஞ்சாயத்துக்கும் ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். நீல வண்ணம் பூசிய புதுத் தொட்டி தூரத்திலிருந்தே தெரிந்தது. அதன் அடியில் ஒரு பெண் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“டேங்க் நல்லாத்தான் கீது,” என்றார். “தண்ணிதான் வர்ல. வயல் போர்வெல்ல போய்ப் புடிக்கறோம்.”

மறுநாள் இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது சரிதாம்மா. தண்ணி வந்த நாளுக்கு டேட்டா எங்க இருக்கு?”

“இல்ல சார். கேட்டு வாங்கணும்.”

“யார்கிட்ட?”

“தண்ணி புடிக்கறவங்ககிட்ட.”

இயக்குநர் பட்டியலை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு மூன்று மாத அவகாசம் கேட்டார்.

ஒவ்வொரு ஊரிலும் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் சிலரின் எண்களை வாங்கினோம். தினமும் காலையில் நானும் என் சக ஊழியர்கள் இருவரும் கூப்பிட்டு, தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ ஒரே கேள்வியைக் கேட்டோம்: இன்றைக்குத் தண்ணீர் வந்ததா? லோன் கம்பெனி என்று நினைத்து முதல் வாரம் பலர் போனை வைத்துவிட்டார்கள். போகப் போக, நாங்கள் கூப்பிடத் தாமதமானால் அவர்களே கூப்பிட்டார்கள். ஒருவர் தெருவிளக்கு எரியாததையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார். அதற்குக் கட்டம் இல்லை, ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து, தண்ணீர் வந்த நாட்களையும் சேர்த்து மறுபடி கணக்கிட்டபோது, கடைசியில் இருந்த பஞ்சாயத்து பாதிக்கு மேல் ஏறியிருந்தது. முதலிடம் வரவில்லை. பள்ளிக் கழிப்பறை விஷயத்தில் அவர்கள் உண்மையிலேயே பின்தங்கியிருந்தார்கள். தலைவிக்குப் போன் செய்து இரண்டையும் சொன்னேன்.

“கழிப்பறைல கோட்டை வுட்டுட்டோம். ஒத்துக்கறேன்,” என்றார்.

அடுத்த வருடப் படிவத்தில், தண்ணீர் வந்த நாட்கள் என்று ஒரு கட்டத்தை மாவட்ட அலுவலகமே சேர்த்தது. அதைப் பார்த்த அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாக் வாங்கினேன்.

சில வாரங்களில் தலைவியிடமிருந்து அழைப்பு வந்தது. பள்ளியில் வேலை ஆரம்பித்துவிட்டார்களாம்.

“கட்டி முடிச்சா மட்டும் மார்க்கா, இல்ல பசங்களுக்குத் தெறந்து வெச்ச நாளையும் எண்ணுவீங்களா?”

“அதையும் எண்ணணும்னு மாவட்ட ஆபீஸ்ல கேக்கறேங்க,” என்றேன்.

“கேளும்மா,” என்றார். பின்னால் யாரோ சிமெண்ட் கலக்கும் சத்தம் கேட்டது.