ஆட்சேபணை இருந்தால் எழுதுக

அந்தக் கிளைத் தபால் நிலையத்தின் ஒரே ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருந்தவளை ஊரே முத்திரையக்கா என்றுதான் கூப்பிட்டது. தேதி முத்திரையை அவள் ஓங்கிக் குத்தினால் பக்கத்து மருந்துக் கடையில் சிரப் பாட்டில்கள் கிணுகிணுக்கும். யாருக்குக் கல்யாணம் கூடி வருகிறது, யார் மகன் வேலையை விட்டான் என்பதையெல்லாம் மேல்விலாசத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். "பிரிச்செல்லாம் படிக்க மாட்டேன், அது பாவம். கையில தூக்கிப் பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்பாள்.

ஒரு திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, வாசல் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனார். பகல் முழுக்க அந்தக் கதவு சுவரோடு சாய்ந்து திறந்தே கிடக்கும். தாளைப் பல்லி படித்தால்தான் உண்டு. சாயங்காலம் கதவை இழுத்தபோதுதான் அக்காவின் கண்ணில் பட்டது. தினம் இருபது பதிவுத் தபால்கூட வராததால் இந்த நிலையத்தை மூட உத்தேசம். பொதுமக்கள் முப்பது நாளுக்குள் வட்டார அதிகாரிக்கு எழுத்து மூலம் கருத்துத் தெரிவிக்கலாம். ஊழியர்கள் கருத்துச் சொல்லக் கூடாது.

அவள் தாளை இரண்டு தரம் படித்தாள். வேலை போகாது, பெரிய அலுவலகத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஆனால் அங்கே வருகிறவர்கள் எல்லாம் முன்பின் தெரியாதவர்கள். யார் வீட்டுச் சங்கதி என்று தெரியாமல் ஒரு உறையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்?

அவள் கணவர் கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னாள்.

"நான் வாயைத் திறந்தா நோட்டீஸ் வந்துடும்ங்க."

"நீ ஏன் திறக்கணும்? கன்னத்துல நுரை, கழுத்துல கத்தி. அந்த நேரத்துல எவன் என்கிட்ட மறுபேச்சு பேசுவான்?"

"சாதாரணமா அனுப்பச் சொல்லாதீங்க. பதிவுத் தபாலா, ஒப்புகை அட்டையோட அனுப்பச் சொல்லுங்க. வாங்குறவர் ஒவ்வொரு அட்டையிலயும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பணும்."

"இது கருத்து இல்லையா?"

"இது சேவை விவரம்" என்று சொல்லி அவள் ரசத்தை ஊற்றினாள்.

மறுநாளிலிருந்து அலுவலகக் கதவு மூடியே இருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம். ஆனால் திரும்பிப் போகும்போது தாளின் முகத்தில் முழிக்காமல் ஒருவரும் போக முடியாது. "என்னக்கா, மூடப்போறாங்களா?" என்று கேட்டால் அவள் கூரையைப் பார்ப்பாள். பதில் வேண்டியவர்கள் முகம் மழித்துக்கொள்ளப் போனார்கள்.

கடிதங்கள் வந்து குவிந்தன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அறிவிப்பில் இருந்த பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, பத்துக்கு நாலு மதிப்பெண் போட்டு அனுப்பினார். மருந்துக் கடைக்காரர், முத்திரைச் சத்தம் கேட்டுத்தான் தன் பிற்பகல் தூக்கம் கலைகிறது, இல்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று எழுதினார். தையற்கடைக்காரி மட்டும் தயங்கித் தயங்கி ஜன்னலுக்கு வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மூடிடுங்கன்னுதான் நான் எழுதியிருக்கேன்."

"ஏம்மா?"

"மாமியார் வாரம் தவறாம லெட்டர் போடுறாங்க. மூடினா நாலு நாள் லேட்டாவாவது வரும்ல?"

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு உறையைத் தராசில் வைத்தாள். "மனசுல பட்டதை எழுதுறதுல என்ன தப்பு? பதிவுத் தபால்தானே?" மூடச் சொன்னாலும் வேண்டாமென்று சொன்னாலும் எண்ணிக்கையில் அது ஒன்று. மற்ற உறைகளுக்கு விழுந்த அதே குத்து அதற்கும் விழுந்தது.

நாலாவது வாரம் வட்டார அதிகாரி நேரில் வந்தார். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார்.

"தினம் நூறு அட்டைக்குக் குறையாம கையெழுத்துப் போடுறேன்மா. என் கையெழுத்து மாறிப்போச்சுன்னு பேங்க்ல செக்கைத் திருப்பிட்டாங்க. நீங்கதான் மக்களைத் தூண்டிவிட்டீங்களா?"

"நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல சார். வேணும்னா விசாரிச்சுப் பாருங்க."

வீட்டுக்காரரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அது உண்மைதான். இருபத்தாறு வருடத்தில் அவள் அவ்வளவு பேசாமல் இருந்ததே இல்லை. அதில் அவளுக்குத் தொண்டைகூடக் கட்டியிருந்தது.

அவர் பதிவேட்டைப் புரட்டினார், விரல்விட்டு எண்ணினார், மறுபடி எண்ணினார். அந்த மாதம் ஒரு நாளைக்குச் சராசரியாக நூற்றுப்பன்னிரண்டு பதிவுத் தபால்கள்.

"இருபதுக்குக் குறைஞ்சாதான் மூடலாம்னு இருக்கு. இப்போ எப்படி மூடுறது?"

"கருத்துச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல சார்."

அவர் அவளை முறைத்தார். பிறகு அவராலேயே அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். போகும்போது தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. மூடுவது ஒரு வருடத்துக்குத் தள்ளிவைப்பு. ஆனால் இனிமேல் மதியம் ஒரு மணி வரைதான் ஜன்னல் திறந்திருக்கும். பாதி ஜெயம் என்று அவள் சொல்லிக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் உட்காரப் பிடிக்காமல், கணவரின் கடையில் காத்திருப்போர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இரண்டே வாரத்தில் ஊர்ச் செய்தி முன்பைவிடச் சுடச்சுடக் கிடைத்தது. கணவர்தான் பாவம், கத்தியைத் தீட்டிக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

"முழு நாளும் ஆபீஸைத் திறக்கச் சொல்லி நான் ஒரு லெட்டர் எழுதலாமா?"

"தாராளமா எழுதுங்க. காலையில வாங்க, பத்து மணிக்குக் கூட்டம் இருக்காது" என்றாள் அவள்.