ஹெலன்ஸ்பர்க் போகும் வழியில் மாறிய சுருதி

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு மெல்பேர்ன் பக்கத்து வெரிபீயிலிருந்து காரில் புறப்பட்டோம். பின் இருக்கையில் கிட்டார், இரண்டு கௌபாய் தொப்பிகள், ஒரு பெட்டி இடியப்பம். சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் ஒரு கிளப்பில் மாலை ஐந்து மணிக்கு எங்கள் கச்சேரி. தூரம் ஏறக்குறைய தொள்ளாயிரம் கிலோமீட்டர். இதுவே கடைசிக் கச்சேரி என்று என் மனைவி மலர் முடிவு செய்திருந்தாள்.

"எனக்கு இனிக் குரல் இல்லையப்பா."

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். நான் கணிதம் படிப்பித்தவன், அவள் தாதி. முப்பது வருடமாக வார இறுதிகளில் ஆங்கிலக் கன்ட்ரி பாட்டுகள் பாடுகிறோம். முதன்முதலாகப் பாடப்போன மதுச்சாலையில் முதலாளி எங்களைச் சமையல் ஆட்கள் என்று நினைத்து நேரே குசினிக்குக் கூட்டிப்போய் வெங்காய மூட்டையைக் காட்டினார். மலர் தொப்பியை மாட்டிக்கொண்டு, பாட்டு முடிந்ததும் வெட்டித் தருகிறேன் என்றாள். பிறகு முதியோர் இல்லங்கள், கலியாணங்கள், ஆட்டுச் சந்தை வரை பாடியாயிற்று. எங்கும் ஒரே பேச்சு: கணவருக்கு அருமையான குரல், மனைவிக்குத்தான் அமுங்குகிறது.

ஒன்பது மணிக்கு ஆல்பரி. இரண்டு கோப்பி பதினொரு டொலர். பதினொன்றரைக்குக் கண்டகாய் ஊரைத் தாண்டி, லாரிகள் நிற்கும் இடத்தில் சாப்பிட இறங்கினோம். அங்கேதான் சொன்னேன்.

"மலர், உம்மட குரலில பிழையில்லை. எல்லாப் பாட்டையும் நான் என்ர சுருதியில வைச்சனான். அது உமக்குக் கீழ. முதல் வருசமே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே செய்தனீங்கள்?"

"ஓம். உம்மட சுருதியில பாடினா சனம் உம்மைத்தான் கேக்கும். அந்தப் பொறாமைதான்."

அவள் இடியப்பப் பெட்டியை மூடினாள். எனக்கு இன்னும் பசித்தது, கேட்கத் துணிவில்லை.

"கிட்டாரை எடுங்கோ."

சுருதியை உயர்த்தும் கவ்வியைக் கிட்டாரின் கழுத்தில் மாட்டி வாசித்தேன்; அவள் பாடினாள். ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. அந்தக் குரலை நான் கேட்டதில்லை. ஒரு லாரிக்காரர் கையில் சாண்ட்விச்சுடன் இறங்கி வந்து, எங்கே பாடுகிறீர்கள் என்று அவளைக் கேட்டார். என்னைப் பார்த்து, "நீங்கள் டிரைவரா?" என்றார்.

"இப்போதைக்கு" என்றாள் மலர்.

யாஸ் ஊர் வரை நூறு கிலோமீட்டர் ஓட்டினேன். பிறகு, "முப்பது வருசம் உப்புத் தண்ணி கொப்புளிச்சன்" என்றாள்.

மாலையில் எல்லாப் பாட்டும் அவள் சுருதியில். எட்டாமல் என் குரல் இரண்டு முறை உடைந்தது. சபையோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். மூன்றாம் பாட்டில் சனம் எழுந்து ஆடியது. ஆகஸ்டில் வருவீர்களா என்று கிளப் நிர்வாகி என்னிடம் கேட்டார். அவளைக் கேட்கச் சொன்னேன். வருவோம் என்றாள்.

ஞாயிறு காலை ஹெலன்ஸ்பர்க் கோவிலில் வெங்கடேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு மெல்பேர்ன் திரும்பினோம். நான் ஓட்ட, பக்கத்தில் மலர் பாட்டுப் பட்டியலில் புதிய சுருதிகளை எழுதிக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டில் மூன்றை மட்டும் தொடவில்லை.

"அது மூண்டும்?"

"உங்கட சுருதியிலயே கிடக்கட்டும். எனக்கும் தண்ணி குடிக்க நேரம் வேணுமெல்லோ."